கோச் வீட்டுக்கு வந்தால்

லைல் பிராண்ட்வோல்ட் மைனர் லீக் பேஸ்பாலில் ஏழு வருடம் ஆடியவர். அவருடைய ஊரான ஹார்லன் க்ரீக்கின் முடிதிருத்தும் கடையில் கேட்டால், பெரிய லீக் அவரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்துவிட்டது, எண்ணைச் சுழற்றுவதுதான் பாக்கி என்பார்கள். மட்டை பிடிப்பதில் சுமார்தான். ஆனால் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக நின்றாரானால் தரையோடு வரும் பந்து ஒன்றும் தாண்டிப் போகாது. அவரே சொன்னதுதான், வேறு சாட்சி இல்லை.

அந்த வாழ்க்கை முடிந்த விதத்தை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். ஒரு காலை, காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவரின் தோளை உடைமாற்றும் அறையின் வேலையாள் தொட்டான். அணி மேலாளர் மேசையிலிருந்து தலை நிமிராமலே, "உன்னை விடுவிச்சாச்சு" என்றார். திரும்பி வருவதற்குள் பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. இப்போது ஊர்க் கல்லூரி அணிக்கு லைல்தான் கோச்; அணியின் வருடாந்திர விருந்துகளில் இந்தக் கதையை அவர் சொல்லாத வருடம் இல்லை. சொல்லி முடித்துக் கண்ணாடிக் கோப்பையை உயர்த்துவார். "என் பசங்கள்ல ஒருத்தனை அணியை விட்டு அனுப்பணும்னா அவன் வீட்டுக்கே போவேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்." தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இத்தனை வருடத்தில் அவர் அனுப்பிய பையன்கள் எல்லாரும் வெளி மாநிலத்துக்காரர்கள். வீடு தூரம். தொலைபேசியே போதுமானதாக இருந்தது. இதை யாரும் விருந்தில் எடுத்துப் பேசவில்லை, பேசினால் அடுத்த வருடம் அழைப்பு வராது.

இந்த வருடம் கல்லூரிக்குப் புதுத் தலைவர் வந்தார், அணியில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்றார். அதே வாரம் டெக்சஸிலிருந்து மான் மாதிரி ஓடுகிற ஒரு ஷார்ட்ஸ்டாப் இங்கே மாறி வர ஒப்புக்கொண்டான். அவன் உள்ளே வர ஒருவன் வெளியே போக வேண்டும். கணக்குப் போட்டால் அது கோல்பி குசெராதான். மூன்று வருடமாக அதே இடத்தில் நிற்பவன், தொடைத் தசை பிடித்ததிலிருந்து வேகம் குறைந்தவன். படிப்புச் செலவில் பாதி அணியிலிருந்து வருகிறது. கடைசி வருடம் பாக்கி. அவன் வீடு ஊரை விட்டுப் பத்து நிமிடத் தூரத்தில், சோளக்காட்டு ஓரத்தில்.

"போன் பண்ணிடுங்களேன்," என்றாள் லைலின் மனைவி ஜோனி.

"இவங்க உள்ளூர்க்காரங்க ஜோனி."

"விருந்துல வாய் கிழியப் பேசினது நீங்க. போய் அனுபவிங்க."

ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று மட்டும் கேட்டு கோல்பியின் அம்மா டார்லினுக்குத் தொலைபேசி செய்தார். அங்கேதான் கோச் தப்புப் பண்ணினார். இந்தப் பக்கத்தில் பேஸ்பால் கோச் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால், பெண் கேட்டு வருவது மாதிரி பையனைக் கேட்டு வருகிறார் என்றுதான் அர்த்தம். வேண்டாம் என்று சொல்ல எவரும் வீடு தேடி வந்ததில்லை.

போனவருக்கு வாசலிலேயே வறுத்த பன்றிக்கறியின் மணம் அடித்தது. மேசையில் மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ், கசகசா வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி. தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் அப்பா எமில், சவ அடக்கத்துக்குப் போடும் நல்ல சட்டையில் இருந்தார். கோல்பி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் பெருசாச் செய்யல கோச்," என்று டார்லின் இரண்டு துண்டு கறி வைத்தாள். "சொல்லுங்க. இவனைக் கேப்டன் ஆக்கப் போறீங்க, அதானே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"முதல்ல சாப்பிட விடு அவரை," என்றார் எமில்.

லைல் சாப்பிட்டார். சொல்ல வாயைத் திறந்தார். இருபது வருடப் பழக்கம், பையன்களைக் கேட்டுப் போய்ச் சோபாவிலும் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்து பேசும் பேச்சே தானாக வெளியே வந்தது. "இவன் கை இருக்கே டார்லின், அது சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. நான் ஆடின காலத்துல இந்த மாதிரி கையை ஒண்ணு ரெண்டுதான் பார்த்தேன்."

"மூணு வருஷம் முன்னாடியும் இதே பேச்சுதான் பேசினீங்க," என்றார் எமில்.

"நல்ல பேச்சு. இன்னொரு தடவை கேட்டாத் தேய்ஞ்சா போயிடும்?" என்றாள் டார்லின். இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார்.

சொல்லாமலேயே எழுந்தார். ஜோனிக்கென்று ஒரு தட்டில் கொலாச்சியை மூடிக் கொடுத்தாள் டார்லின். வண்டி வரை கோல்பி கூட வந்தான்.

"டெக்சஸ்காரன் வர்றானா கோச்?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இவ்வளவு நேரம் பேசினீங்க, அடுத்த வருஷம்ங்கற வார்த்தை உங்க வாயிலேருந்து வரவே இல்ல."

லைல் சாவியைத் தேடுவது போல் பையைத் தடவினார். சாவி கையில்தான் இருந்தது. "நீ ரொம்ப நல்ல..."

"வேணாம் கோச். என்கிட்ட சொல்லியாச்சுன்னு வெச்சுக்கங்க. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"நாளைக்குப் போன்ல நான்..."

"முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்னுதானே விருந்துல சொன்னீங்க? எங்க அம்மா அழுதாங்க அன்னிக்கு."

லைல் வண்டிக் கதவைத் திறந்தார். கொலாச்சித் தட்டை இருக்கையில் வைத்தார். ஏறிப் போய்விடலாம். தலை நிமிராமல் பேசிய அந்த மேலாளரை இத்தனை வருடம் கல்நெஞ்சன் என்று திட்டியவருக்கு, அந்த ஆளும் ஒருநாள் நிமிர்ந்து பார்த்துச் சூடு பட்டவனாக இருப்பானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"எதையாவது விட்டுட்டீங்களா?" என்றாள் டார்லின், கை நிறையப் பாத்திர நுரையோடு.

"கோல்பிக்கு அடுத்த வருஷம் அணியில இடம் இல்ல டார்லின். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் முதலில் சிரித்தாள். எமில் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"படிப்புப் பணம்?"

"அதுவும்தான்."

"அப்ப எதுக்குக் கோச் ரெண்டாவது தடவை கறி வாங்கிச் சாப்பிட்டீங்க?"

தரையோடு வரும் எந்தப் பந்தையும் விடாதவர் இந்தப் பந்தைக் காலிடுக்கில் போக விட்டார்.

வெளியே சரளைக்கல்லில் சக்கரங்கள் நொறுநொறுத்தன. ஒரு வண்டி, பின்னால் இன்னொன்று. எமில் சன்னல் வழியே பார்த்தார். "உன் தங்கச்சி. பக்கத்துப் பண்ணைக்காரங்களும் வர்றாங்க. யார்கிட்டல்லாம் சொன்ன?"

"எல்லார்கிட்டயும்," என்றாள் டார்லின்.

கம்பி வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கேக்கோடு நின்றாள். பின்னால் இரண்டு ஆண்கள் பியர்ப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். எமில் நாற்காலியை விட்டு எழப் போனார்.

"நீங்க உட்காருங்க," என்றாள் டார்லின். "கோச் திறக்கட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்றவராச்சே."

லைல் போய்க் கதவைத் திறந்தார்.

"எங்க நம்ம கேப்டன்?" என்றாள் தங்கை, அவரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு.

"உள்ள வாங்க," என்றார் லைல். "கேக்கைக் கீழ வைங்க. ஒண்ணு சொல்லணும்."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வண்டியும் வந்து நின்றது.