பெஞ்சு வரிசையில் பன்மை

ஒருமைக்கும் பன்மைக்கும் வித்தியாசம் தெரியாத சமுதாயம் முன்னேறியதாக உலக வரலாற்றில் சான்றே இல்லை என்றார் பக்தவத்சலம் சார். அந்தமானின் மாயாபந்தரிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த குடியேற்றத்துப் பள்ளியின் ஒரே ஆசிரியர் அவர். இதைக் கேட்க இருந்த ஒரே ஆள் பியூன் அழகேசன். அவன் கூரை ஒழுகும் இடத்துக்கு வாளி தேடிக்கொண்டிருந்தான்.

வருஷம் 1964. சார் அங்கே வந்து ஏழாவது மழைக்காலம். மனைவி சுசீலா போர்ட் பிளேரில், லம்பா லைனில் இருந்தாள். மாற்றல் கேட்டு சார் பதினோரு மனு போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி மறுநாள் வருகிறார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் பன்மைப் பட்டியலை மேலிருந்து கீழாகக் கேட்பது அவர் வழக்கம்.

வீட்டில் வங்காளமும் தெலுங்கும் தமிழும் பேசுகிற இருபது பிள்ளைகள். சார் உட்கார்ந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரே ஒரு சொல் கொடுத்தார். முதல் ஆள் 'மென்', அடுத்தது 'டீத்', அதற்கடுத்தது 'ஆக்ஸன்'.

"எவனாவது இடம் மாறினா தோலை உரிச்சிடுவேன். புரிஞ்சுதா? சமஜ் கயா?"

"சமஜ் கயா, சார்!"

மறுநாள் பட்டியல் நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மழையும் இறங்கியது. கூரைத் தண்ணீர் நேராக ஜெயமணியின் உச்சந்தலையில் விழுந்தது. அவள் 'ஃபீட்'. அவள் முறைக்கு இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

"சார், பொண்ணு நனையுது. தோடா, கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லவா?" என்றான் அழகேசன்.

"நீ வெளியே போடா!"

ஜெயமணி அசையவில்லை. மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்ட சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபுட்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஃபீட்!" என்று தும்மினாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டிசிப்ளின் பார்த்ததில்லைய்யா! மெயின்லேண்ட்ல மேகம் கருத்தாலே மணி அடிச்சிடுவான். நீர் ரத்தினம்யா!"

பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதினார். சார் படகுத்துறைவரை குடை பிடித்துப் போய்ப் படகேற்றிவிட்டு, திரும்பி ஓடிவந்து படித்தார். இத்தகைய ஆசிரியர் இத்தகைய இடத்துக்குத்தான் தேவை. ஐந்தாண்டுக்கு இவரை மாற்றவே கூடாது.

"நல்லா எழுதிட்டாரா சார்?" என்றான் அழகேசன்.

"ரொம்ப நல்லா எழுதிட்டார்."

மாற்றல் நிச்சயம் என்று அன்று காலையிலேயே சார் தம் கட்டிலை அழகேசனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அழகேசன் அதைத் திருப்பித் தரவில்லை.