குகைக்குள் யாருக்கு வழி

புவெனவெந்தூரா மலைப்பக்கம் ரயில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் தண்டவாளத்தை மட்டும் விடவில்லை. நாலு சக்கரத்தின் மேல் பலகை அடித்து, பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்டினால் வண்டி தயார். ரயில் குகைக்குள் இரண்டு வண்டி எதிர்ப்பட்டால், பாரம் குறைந்தவன் தன் வண்டியைத் தூக்கி ஓரம் வைக்க வேண்டும். ஆனால் வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், எதிரே மலையே ஏறி வந்தாலும் அவளுக்குத்தான் வழி.

அர்செசியோ அன்று மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டான். மனைவி நூபியா கோபித்துக்கொண்டு அங்கே போய் மூன்று மாதம். அவள் பிறந்தநாளில் சேவல் சண்டை பார்க்கப் போன மகராசன் மறுநாள்தான் வீடு திரும்பியிருந்தான். வெறுங்கையோடு போய் நிற்க முகமில்லாமல் வண்டி நிறைய வாழைக்குலை ஏற்றியிருந்தான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

குகையின் நடுவில் ஒரு வெளிச்சம் எதிரே வந்து கண்ணைக் கூசவைத்தது. ஆள் தெரியவில்லை.

“யோவ், ஓரங்கட்டு! எனக்கு ஃபுல் லோடு!” என்று கத்தினான்.

“நீதான் எறக்கணும்,” என்றது ஒரு பெண்குரல்.

குரலைக் கேட்டதும் அவன் வண்டியிலிருந்து குதித்தான்.

“நூபியா! எங்க கெளம்பிட்ட?”

“என் வீட்டுக்கு. நீ கூப்பிட வருவேன்னு காத்திருந்தா கெழவியாயிருவேன்.”

“உன்னக் கூப்பிடத்தான் வந்தேன், சத்தியமா!”

“அப்புறம் இவ்வளவு வாழக்கொலை யாருக்கு?”

“உங்கம்மாவுக்கு.”

“வாழத்தோட்டத்துக்காரிக்கு வாழக்கொலையா! நல்ல ஆளுய்யா நீ. சரி, எறக்கு.”

அவன் அவள் வண்டியை எட்டிப் பார்த்தான். ஒரு துணிப்பை, ஒரு கோழி.

“இதுக்கா நான் எறக்கணும்?”

“நாங்க ரெண்டு பேரு இருக்கோம். சட்டம் தெரியாதா ஒனக்கு?”

“ரெண்டாவது ஆள் எங்க?”

அவள் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அர்செசியோ அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்து அழுதான். எழுந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல் குலைகளை இறக்கினான். தன் வண்டியை ஒற்றை ஆளாக இழுத்துப் புரட்டி ஓரம் வைத்தான். பிறகு அவள் மோட்டாரை அணைத்துவிட்டு, பிள்ளை குலுங்கக் கூடாதென்று அவள் வண்டியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு நடந்தான்.

“இப்படிப் போனா புள்ள குகைக்குள்ளயே பொறந்துரும்,” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவன் இன்னும் மெதுவாகத் தள்ளினான்.