கேமரா இரண்டு, ஆமாவா இல்லையா?

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பதிப்பாளர் என்னிடம் கேட்டது ஒரு சின்னக் கையேடு: 'தொலைக்காட்சித் தயாரிப்பு – அடிப்படைச் சொற்கள்'. யாருக்கு என்ன வேலை, எந்தக் கருவிக்கு என்ன பெயர், எல்லாம் அகர வரிசையில், படங்களோடு. எனக்கு டிவி பார்க்கத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஒரு சின்னச் சேனலில் கெஞ்சிக் கூத்தாடி, காலை நேரலை நிகழ்ச்சி நடக்கும் கண்ட்ரோல் ரூமில் ஒரு மூலை நாற்காலி வாங்கினேன். ஒரே ஒரு நிபந்தனை: நிகழ்ச்சி ஓடும்போது நான் வாயைத் திறக்கக்கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே போய்விட வேண்டும். (இந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அது என் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.)

கையேடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'டாக்பேக்' என்ற சொல்லில் தடுக்கி விழுந்தேன். அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்:

டாக்பேக்: கண்ட்ரோல் ரூமில் இருக்கும் டைரக்டர், கீழே ஸ்டூடியோவில் இருப்பவர்களோடு பேசும் வழி. எல்லார் காதிலும் ஹெட்செட் இருக்கும். டைரக்டர் பேசுவார், கேமராமேன்கள் கேட்பார்கள். பதில் பேசக்கூடாது, பேசினால் அது பக்கத்து மைக்கில் விழுந்து வீடு வீடாகப் போய்விடும். ஆகவே கேமராமேன் தன் கேமராவையே ஆட்டிப் பதில் சொல்வார். மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம். இடமும் வலமும் ஆட்டினால் இல்லை. ஆனால் கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால், அதன் படம்தான் அந்த நிமிடம் ஊருக்குப் போகிறது என்று அர்த்தம். அப்போது ஆட்டவே கூடாது.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். கேமரா தலையாட்டுமாமே! பதிப்பாளருக்கு ஃபோன் செய்து, உடம்பு சரியில்லை என்று புளுகினேன்.

2.

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

முதல் முயற்சி: "கருமேகங்கள் திரண்டிருந்த அந்தக் காலையில்..."

(மேகமாவது மண்ணாங்கட்டியாவது. கண்ட்ரோல் ரூமுக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று அவர்களும் டிவியில்தான் பார்க்கிறார்கள்.)

இரண்டாவது: "எத்தனையோ நிகழ்ச்சிகளை இயக்கிய அவளால் தன் வாழ்க்கையை மட்டும்..."

(சீ. இந்த வாக்கியத்தை முடித்தால் என் மனைவியே என்னோடு பேசமாட்டாள்.)

மூன்றாவது: "பார்க்கலாம் என்று ஒருவர் இருந்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

பார்க்கலாம் என்று ஒருவர் இருந்தார். கேமரா இரண்டு அவருடையது. கேன்டீனில் "சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்டால் "பார்க்கலாம்." "உங்க குடையை எடுத்துக்கட்டுமா?" "பார்க்கலாம்." அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

டைரக்டருக்கு அவரைப் பிடிக்கும். இது அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். போன வருடமே கேன்டீனில் அவரை நேருக்கு நேர் கேட்டுவிட்டாள்: "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு சொன்னார், என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அதே ஆளைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். "ரெண்டு, கை க்ளோசப் கிடைக்குமா?" டக்கென்று மேலும் கீழும். "ரெண்டு, அங்கேருந்து நிழல் விழுதா?" டக்கென்று இடமும் வலமும். இழுவை இல்லை, மழுப்பல் இல்லை. வாய்க்குள் ஆயிரம் சொல் கிடந்து முட்டிமோதுகிறவர்களுக்கு, இரண்டே சொல் உள்ள பாஷை ஒரு விடுதலை போலிருக்கிறது.

[இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு கொழகொழப்பான ஆளை ஒரு கெட்டிக்காரப் பெண் எதற்காக விரும்பவேண்டும்? வாசகர் என்னைச் சும்மா விடமாட்டார். அவளிடமே கேட்டேன். அவள் சிரித்தாள். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ தினம் காலையில ஃப்ளாஸ்க்கோட வந்து நிப்பாரு சார். நாளைக்கு வருவீங்களான்னு கேட்டா, பார்க்கலாம்பாரு. மறுநாள் எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருப்பாரு. அவரு வாய்தான் சார் ஆடும். கை ஆடாது. இத்தனை வருஷத்துல ஒரு ஷாட் ஆடினதில்ல." சந்தேகம் தீர்ந்தது. மேலே போகலாம்.]

4.

வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. மாடி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மரத்தின் கிளை கைக்கு எட்டும். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். அவர் அலமாரியை முழம் போட்டு அளந்தார், குழாயைத் திறந்து மூடினார், ஜன்னலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "பிடிச்சிருக்கா?" என்றாள். "பார்க்கலாம்."

வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? வேறு ஒரு குடும்பம் சாமானைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறதாம். இன்று காலை நிகழ்ச்சி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுவிட்டார்.

அவள் ராத்திரியே முடிவு செய்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்பது. நேரான பதில் வராவிட்டால் வீட்டையும் விடுவது, அவரையும் விடுவது. "ஆரம்பிங்கன்னு ரெண்டு தடவை க்யூ குடுக்கறவ நான் இல்ல," என்றாள் ஸ்விட்சர் பெண்ணிடம். எந்தக் கேமராவின் படம் வெளியே போகவேண்டும் என்று பட்டனைத் தட்டுகிறவள் அந்தப் பெண்தான். டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது.

"எங்கக்கா கேப்பீங்க? கேன்டீன்லயா?"

"கேன்டீன்ல கேட்டா என்ன சொல்வாருன்னு தெரியாதா? இங்கேருந்துதான். டாக்பேக்ல."

"எல்லாருக்கும் கேக்குமேக்கா!"

"கேக்கட்டும்."

5.

அன்றைய விருந்தாளி ஒரு நாய் டாக்டர். நேயர்கள் ஃபோன் செய்து சந்தேகம் கேட்கலாம். அழைப்பு முதலில் கண்ட்ரோல் ரூமுக்கு வரும், யார் கை காலியோ அவர் எடுத்துப் பேசிப் பார்த்துவிட்டு ஸ்டூடியோவுக்குத் தள்ளிவிடுவார். மேசைமேல் டாக்டர் கொண்டுவந்த நாய், குட்டைக் கால், நீள உடம்பு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது.

கேமரா ஒன்றில் மாப்பிள்ளை. டைரக்டரின் தங்கை கணவர். டைரக்டர் மாப்பிள்ளை என்று கூப்பிடப்போய், ஸ்டூடியோவுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டார். தளத்தில் ஃப்ளோர் மேனேஜர், வாயைத் திறக்காமல் கைஜாடையிலேயே ஊரைக் கட்டியாள்பவர்.

தொகுப்பாளினி சிரித்துக்கொண்டிருந்தாள், சிவப்பு விளக்கு ஒன்றில் எரிந்தது. இரண்டு சும்மா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டைரக்டரின் கையில் செல்ஃபோன். வீட்டுக்காரர் லைனில் காத்திருந்தார். அவள் மைக்கை இழுத்தாள்.

"ரெண்டு."

கேமரா தலையசைத்தது. சொல்லுங்க.

"இது நிகழ்ச்சி சம்பந்தமான கேள்வி இல்ல. அந்த வீட்டுக்கு நாம போறோமா? கல்யாணம் பண்ணிக்கிட்டு, ரெண்டு பேரும். பார்க்கலாம்னு சொல்ல உங்க கேமராவுக்குத் தெரியாது. அதான் இங்க கேக்கறேன். ஆமாவா, இல்லையா?"

ஃப்ளோர் மேனேஜரின் கை, காட்டிக்கொண்டிருந்த விரல்களோடு அப்படியே அந்தரத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்து நாய் குதித்தது.

நாய் குதித்தால் வீட்டில் இருப்பவர்கள் நாயைத்தான் பார்க்க விரும்புவார்கள். ஸ்விட்சர் பெண்ணின் விரல் யோசிக்கவில்லை, பழக்கதோஷத்தில் இரண்டைத் தட்டியது. சிவப்பு விளக்கு ஒன்றில் அணைந்து இரண்டில் எரிந்தது.

"ஐயோ, ஒன்னுக்குப் போ! ஒன்னுக்குப் போ!"

ஒன்றுக்கு எப்படிப் போவது? சிவப்பு விளக்கு அணைந்ததுதான் தாமதம், மாப்பிள்ளை தன் கேமராவை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மானிட்டரில் தொகுப்பாளினி கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, உங்களைக் கேக்கல!"

மாப்பிள்ளை இன்னும் வேகமாக ஆட்டினார். மைத்துனி கல்யாணம் என்றால் சும்மாவா?

ஸ்விட்சர் பெண் மாப்பிள்ளையின் மானிட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டே, இன்னொரு கையால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை எந்தப் பட்டனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் இரண்டின் படம் வெளியே போய்க்கொண்டே இருந்தது.

நாய் தரையில். படம் கீழே போனது. நாய் மறுபடி மேசைமேல் தாவியது. படம் மேலே வந்தது. டைரக்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதவள் என்று பெயர் வாங்கியவள், கையிலிருந்த காகிதங்களால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் காகிதத்தை எடுத்தபோது காலி மேசை தெரிந்தது. படம் அசையாமல் நின்றது.

"ஆட்டினாரா?"

"நாயை ஃபாலோ பண்ணாருக்கா," என்றாள் ஸ்விட்சர் பெண். "அது குதிச்சுதுல்ல? நான் மாப்பிள்ளையைத் திட்டிக்கிட்டிருந்தேன், சரியா பார்க்கல."

டைரக்டர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்.

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடுகிறாள், அவர் ஹெட்செட்டைக் கழற்றி எறிகிறார், இருவரும்...

(இதைவிட நல்ல சீரியல் அதே சேனலில் மத்தியானம் வருகிறது.)

(ஆ) அவர் நேரலையிலேயே வாயைத் திறந்து, ஊரே கேட்க, "ஆமா" என்கிறார்.

(வாயால் சொல்லக்கூடியவராக இருந்தால் இந்தக் கதையே எதற்கு? தவிர, மறுநாள் வேலை போய்விடும். வீட்டு வாடகையை நானா கட்டுவேன்?)

(இ) நடந்தது.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லா மானிட்டரும் தெரிந்தன. மாப்பிள்ளையைத் திட்டும் வேலையோ, முகத்தை மூடிக்கொள்ளும் காரணமோ எனக்கு இல்லை. நாய் இரண்டாவது தடவை குதித்தது, படமும் கூடவே போனது, உண்மைதான். அதோடு நாய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. படம் மேசைக்குத் திரும்பியது. மேசைமேல் ஒன்றுமில்லை. பின்தொடர யாருமே இல்லை.

அப்போதுதான் படம் மறுபடி கீழே இறங்கியது. தலையில் சிவப்பு விளக்கு எரிய, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக, ஒரு துளி நடுக்கம் இல்லாமல் இறங்கி, மறுபடி மேலே ஏறி நின்றது.

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. நிபந்தனை! என்னால் முடிந்தவரை என் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். மூலையில் கிடப்பவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

டைரக்டர் செல்ஃபோனைக் காதில் வைக்கிறாள். "என்னம்மா, வீட்டை அவங்களுக்குக் குடுத்துடட்டுமா?" என்கிறார் வீட்டுக்காரர். அவள் வாயைத் திறக்கிறாள். அதே நேரம் நேயர் தொலைபேசி மணி அடிக்கிறது. ஸ்விட்சர் பெண்ணின் இரண்டு கையும் பட்டன்மேல். மனம் எங்கிருந்தாலும் வேலை வேலைதானே. "ஒரு நிமிஷம் இருங்க சார்," என்று செல்ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டைரக்டரே அதை எடுக்கிறாள்.

யார் கூப்பிடுவது என்று எழுத எனக்கு ஆசைதான். அவளுடைய அம்மாவைப் போட்டுப் பார்த்தேன், தங்கையைப் போட்டுப் பார்த்தேன், இரண்டையும் அடித்துவிட்டேன். இத்தனை நேரம் அந்தப் படத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது யார்? மூன்றாவது தடவை நாய் இல்லை என்பது, வாய் கட்டப்பட்ட என்னைத் தவிர, வேறு யாருக்குத் தெரியும்?

அவள் குரல் லேசாக உடைந்திருக்கிறது. ரிசீவர் உங்கள் கையில்தான் இருக்கிறது. பயப்படாதீர்கள், கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும்.

"வணக்கம். யார் பேசறீங்க? சொல்லுங்க, லைன்லதான் இருக்கேன். டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டுச் சொல்லுங்க."