நேரில் வந்து கவனிக்கவும்

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை சொர்ணாம்பாள், ஏழாம் வகுப்பு ஆசிரியர் பாக்கியசீலன், லாரியில் லோடு ஏற்றும் ஐயம்பெருமாள், அவர் மனைவி பேச்சித்தாய், மகள் முப்பிடாதி. இவர்கள் போக, காலைக் கட்டிய ஒரு சேவல்.

சேவல் வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். பாதியில் நின்றுவிடக்கூடிய பிள்ளைகளை, நிற்பதற்கு முன்பே கண்டுபிடித்து வீட்டாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று அந்த வருஷம் பள்ளியில் முடிவு செய்திருந்தார்கள். தச்சநல்லூர்ப் பக்கம் பன்னிரண்டு வயதுப் பெண் மத்தியானம் வகுப்பில் இல்லையென்றால் வீட்டில் பீடி சுற்றுகிறாள் என்றுதான் பாக்கியசீலன் நினைத்தார். 'தங்கள் மகளைத் தனியாகக் கவனிக்க வேண்டியுள்ளது. பெற்றோர் இருவரும் நேரில் வந்து கவனிக்கவும்' என்று எழுதி, முப்பிடாதியிடமே கொடுத்தனுப்பினார்.

முப்பிடாதி பீடி சுற்றவில்லை. சத்துணவைச் சாப்பிட்டதும் பின்சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போய்விடுவாள். அந்நேரம் அம்மா பேச்சித்தாய், அடுத்த தெருவில் மஹ்மூதா பீவியின் வீட்டு வாசலில் மற்றப் பெண்களோடு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். வீட்டுக் கதவு வெறுமனே சாத்திக் கிடக்கும். நாலு மணி வரை வீடும் சேவலும் முப்பிடாதிக்கு. அவள் வீட்டில் வேலை செய்கிறாள் என்று பள்ளி இரக்கப்பட்டது. பள்ளியில் படிக்கிறாள் என்று வீடு நம்பியது. இரண்டும் சந்திக்காத வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் படிக்கத் தெரியாது. கடிதத்தை அவள்தான் வாசித்தாள். கிழித்துப் போட்டால் சார் வீட்டுக்கே வந்துவிடுவார். அதனால் எழுத்து மாறாமல் வாசித்து, 'கவனிக்கவும்' என்ற இடத்தில் மட்டும் குரலை இறக்கினாள். லஞ்சம் கேட்கிறார் என்று அப்பா கொதித்துப்போய் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தாள்.

"கேட்டியாட்டி பேச்சி? கவனிக்கணுமாம்லா" என்றார் ஐயம்பெருமாள். "மத்தவன்லாம் தலையச் சொறிஞ்சுக்கிட்டுக் கேப்பான். இவரு எழுத்துலயே கேட்டிருக்காரு. நேர்மையான ஆளு."

மறுநாள் காலை அவர் கையில் கலெக்டர் தொங்கியது. கலெக்டர், முப்பிடாதி சேவலுக்கு வைத்த பெயர்.

"அத எதுக்குப்பா பிடிக்கிய?"

"சார்வாளக் கவனிக்கத்தான். எல்லாம் உனக்காகத்தாம்ளா."

சேவலை மேசைமேல் வைத்ததும் பாக்கியசீலன் எழுந்துவிட்டார்.

"என்ன வே இது?"

"வீட்டுல உள்ளது இதுதான் சார்வாள். குழம்பு வச்சா நாலு பேருக்குக் காணும்."

"நான் பிள்ளையக் கவனிக்கச் சொன்னேன் வே! என்னையவா கவனிக்கச் சொன்னேன்?"

சொர்ணாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தில் மிரண்ட சேவல் கால்கட்டை உதறிவிட்டு அலமாரி மேல் பாய்ந்தது. வருகைப் பதிவேடுகள் சரிந்தன. பிடிக்கப் போன ஐயம்பெருமாளின் கையைக் கொத்தியது.

"கலெக்டர், இங்கன வா" என்றாள் முப்பிடாதி, பைய.

சொர்ணாம்பாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவசரமாக வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. சேவல் இறங்கி வந்து முப்பிடாதியின் கையில் உட்கார்ந்தது.

"எங்கிட்ட ஒரு நாளும் நிக்காத சவம்" என்றார் ஐயம்பெருமாள், வாய் பிளந்து. "இத எப்பம்ளா பழக்குன?"

"மத்தியானம்" என்றாள் பெருமையாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"மத்தியானம் இவ பீடி சுத்துதான்னுல்லா நெனச்சேன்" என்றார் பாக்கியசீலன்.

"பீடியா? ஒரு இலை வெட்டத் தெரியுமா இந்த மூதிக்கு? பள்ளிக்கூடத்துல இருக்கான்னுல்லா நான் நெனச்சேன்!" என்றாள் பேச்சித்தாய்.

சொர்ணாம்பாள் பதிவேட்டைப் பொறுக்கி எடுத்துப் புரட்டினார். "இன்னும் ஆறு நாள் மத்தியானம் வராம இருந்தா பேரை எடுத்துருவோம்."

"எடுங்க டீச்சர். எம்பக்கத்துல உக்காந்து இலை வெட்டட்டும். சேவல் இன்னைக்கே குழம்பு."

முப்பிடாதி சேவலை இறுக்கிக்கொண்டாள்.

"மத்தியானம் எந்தப் பாடம் பிடிக்கல?" என்று கேட்டார் பாக்கியசீலன்.

"கணக்கு."

"எப்பமிருந்து ஓடுத?"

"பின்னம் ஆரம்பிச்சதுலருந்து. அரையும் காலும் சேந்தா ஆறுல ரெண்டுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. நீங்களுந்தான் சார்."

பாக்கியசீலன் சரிந்து கிடந்த ஒரு பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "காலையில அரைமணி முந்தி வா. சொல்லித் தாரேன். சிரிக்க மாட்டேன்." பிறகு பேச்சித்தாயிடம், "மத்தியானம் வீட்டுக் கதவ நீங்கதாம்மா கவனிக்கணும்" என்றார்.

"இது எந்தக் கவனிப்பு சார்வாள்?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

மறுநாள் காலை முப்பிடாதி அரைமணி முந்தியே பையோடு வாசலைத் தாண்டினாள். பின்னாலேயே பேச்சித்தாயும் பீடித்தட்டோடு வெளியே வந்தாள். அவள் கையில் புதுப் பூட்டு.

"சேவல் எங்கம்மா?"

"உள்ளதான். நாலு மணிக்கு வந்து கேளு, தொறக்கேன்."

உள்ளே கலெக்டர் கூவியது. முப்பிடாதி திரும்பி ஓடி வருவதற்குள் பேச்சித்தாய் கதவைச் சாத்திப் பூட்டினாள்.