ஒன்றும் நாலும்

அறுபத்திரண்டு வயதில் அண்ணன் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அலமாரியில் இருந்த ராக் இசைத்தட்டுகளை இடது ஓரத்தில் ஆரம்பித்து, நாளைக்கு ஒன்றாக, ஒன்று விடாமல் திரும்பக் கேட்பது. பிடித்ததை மட்டும் பொறுக்கிக் கேட்கலாமே என்றால், பிடிக்காததை அவர் வாங்கியதே இல்லை.

ஊரார் வாய்க்குப் பல் செட்டு செய்து கொடுப்பது அவர் தொழில். மெழுகில் பல் பதித்து, ஈறுக்கு நிறம் பார்த்து, கடி சரியாக உட்காரும்வரை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். கண் கொஞ்சம் மங்கிய பிறகு மதியத்தோடு பட்டறையை மூடிவிடுகிறார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால், மறுநாள் காலை பல் டாக்டரின் ஆள் வந்து கதவைத் தட்டும்வரை ஒரு வார்த்தை பேச நாதி கிடையாது.

முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக ஓடும் தட்டு. புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவது காதருகே கேட்கும் தட்டு. டிரம்ஸ்காரர் ஒன்பது நிமிடம் தனியாக வெளுத்து வாங்கும் தட்டு. அந்தக் காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் பாலை மறந்து, அண்ணனும் தம்பியும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

தம்பி மூன்று வயது இளையவன். இருவரும் ஒரே அறையில், ஒரே ப்ளேயரில், சேர்ந்து வாங்கிச் சேர்ந்தே கேட்டவர்கள். பாட்டில் பிடித்த இடம் வரும்போது, முகத்தைப் பார்க்காமலே, இருவரும் ஒரே நொடியில் சுட்டுவிரலைத் தூக்க வேண்டும். முந்தினவனும் தோற்றான், பிந்தினவனும் தோற்றான். வளர்ந்து, வேலைக்குப் போய், மீசை தடித்த பிறகும் இந்த விளையாட்டை விடவில்லை.

இப்போதும் அந்த இடங்கள் வரும்போது அண்ணனின் விரல் தானாக எழுந்துவிடுகிறது. எதிரே பார்ப்பார். எதிர் நாற்காலியில் இஸ்திரிக்குப் போக வேண்டிய சட்டைகள் கிடக்கும். உடனே எழுந்து, தூசியே இல்லாத தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

நாற்பதாவது நாளோ என்னவோ, அந்த இரட்டை ஆல்பம் இருந்த இடத்துக்கு வந்தார். இரட்டை என்பது பெயருக்குத்தான். உள்ளே இருந்தது ஒரே ஒரு தட்டு. ஒன்றுமே பார்க்காதவர்போல அதைத் தாண்டி அடுத்ததை எடுத்தார். அன்று கேட்ட பாட்டு எதுவும் மனதில் ஒட்டவில்லை.

விஷயம் இதுதான். முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், தம்பி கல்யாணம் நிச்சயமாகித் தனி வீடு பார்த்தபோது, தட்டுகளைப் பங்கு பிரித்தார்கள். நீ ஒன்று நான் ஒன்று என்று எடுத்ததில் சண்டையே வரவில்லை. கடைசியில் இந்த ஆல்பம் மிஞ்சியது. நாலு பக்கமும் ஒரே கதையாக ஓடுவது, கேசட் நாடா தேயத் தேய இருவரும் கேட்டு மனப்பாடமாக்கியது. எங்கெங்கோ சொல்லி வைத்து, தட்டாக அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. ப்ளேயரின் பெல்ட் அறுந்து கிடந்ததால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. கொடாக்கண்டனும் விடாக்கண்டனும்தான். "எனக்கு முழுசா இல்லேன்னா உனக்கும் வேணாம்" என்று ஆளுக்கொரு தட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. அட்டை அண்ணனிடம் தங்கிவிட்டது. அந்த வீம்பில் அவர் தம்பி கல்யாணத்துக்கே போகவில்லை. ஒரு தட்டுக்காகக் கூடப்பிறந்தவன் கல்யாணத்துக்குப் போகாத ஆள் இந்த உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு பெல்ட் மாற்றினார். மற்ற எல்லாத் தட்டுகளும் சுற்றின. அரைகுறையை நான் தொடுவேனா என்று இதை மட்டும் எடுக்கவில்லை. அம்மா இறந்தபோது அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவரும் இருக்கிறார்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் இருவரும் தனித்தனியாகப் பூங்கொத்துப் படம் போடுவார்கள்.

அந்த ஆல்பத்தைத் தாண்டிப் போனதற்கு மறுநாள், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அதை எடுத்து ப்ளேயரில் வைத்தார். முதல் பக்கம் ஓடியது. ஒரு எழுத்து மறக்கவில்லை. நான்கு முறை விரல் எழுந்தது. முடிந்ததும் திருப்பிப் போட்டார். ரயில் சத்தத்தோடு ஆரம்பிக்க வேண்டிய இரண்டாம் பக்கம் வரவில்லை. கதையெல்லாம் முடிந்து எல்லோரும் சேர்ந்து பாடும் கடைசிப் பகுதி வந்தது. முள்ளைத் தூக்கிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் பார்த்தார். நான்காம் பக்கம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து ஓடும் ப்ளேயர்கள் ஒரு காலத்தில் இருந்தன. முதல் தட்டில் முதல் பக்கம் முடிந்ததும் அடுத்த தட்டு விழுந்து இரண்டாம் பக்கம் ஓட வேண்டும். பிறகு அடுக்கை அப்படியே புரட்டி வைத்தால் மூன்றும் நான்கும் வரும். அதற்காகவே ஒரு தட்டில் ஒன்றும் நாலும், இன்னொன்றில் இரண்டும் மூன்றும். முன்பாதி பின்பாதி என்று அடித்துக்கொண்ட இரண்டு மேதைகளில் ஒருவனுக்குத் தலையும் வாலும், இன்னொருவனுக்கு வெறும் வயிறு.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தார். பல் டாக்டரின் ஆளிடம் சொன்னால் தலையைச் சொறிவான். இந்த வேடிக்கை புரியக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

எடுக்கமாட்டான், எடுத்தாலும் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான் என்ற பயத்தோடுதான் வாட்ஸ்அப்பில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தது தம்பியின் மனைவி. யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் தடுமாறியது.

"நீங்களா... இருங்க, இதோ அவர்கிட்ட குடுக்கறேன்."

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருடத்தில் பழகிக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லையே.

"சொல்லு," என்றான் தம்பி. குரல் அச்சு அசல் அப்பாவுடையதாகியிருந்தது.

நலம் விசாரித்திருக்கலாம். அண்ணனுக்கு அது வராது. "எங்கிட்ட ஒண்ணும் நாலும்தான் இருக்கு," என்றார்.

"தெரியும். எங்கிட்ட ரெண்டும் மூணும்."

"எப்ப பார்த்தே?"

"பிரிச்சு எடுத்துட்டுப் போன அன்னிக்கே. சாயந்திரம் சிநேகிதன் வீட்டுல போட்டேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன். உனக்கு ஃபோன் பண்றதுக்குப் போனேன். அப்புறம், நீயும் போட்டுப் பார்த்திருப்பே, நீயே பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

அண்ணன் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பண்ணலை. இதுக்குக்கூட இவனுக்குச் சிரிப்பு வரலைன்னா என் மேல எவ்வளவு கோபமா இருக்கணும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உன்கிட்ட பேசறதுக்கு எனக்கு வாய் வரலை."

"நான் போடலைடா."

"அன்னிக்கா?"

"என்னிக்குமே. இன்னிக்கு மத்தியானம்தான் மொதல் தடவை."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்குக் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்துது," என்றான் தம்பி கடைசியில்.

வந்திருப்பேன் என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். அது உண்மை என்பதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.