மூன்றாம் எண் வயல் துப்பிய நாற்றுகள்

2008 ஜனவரியில், வென்ஷான் மலைப்பகுதியின் பைஷிபோ மூலிகை ஆய்வு நிலையத்தில், மூன்றாம் எண் வயலில் காலையில் நட்ட ஆயிரத்து இருநூறு சான்ச்சி நாற்றுகளில் ஆயிரத்து நூற்று நாற்பது, மதியம் இரண்டரை மணிக்கு வரப்பில் கிடந்தன. வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. எல்லாம் தலையை வடக்கே வைத்து, சந்தையில் விற்பனைக்கு அடுக்கியதைப் போல ஒழுங்காகக் கிடந்தன. இருபது வரிசைகளில் கிழக்கு ஓர வரிசையின் அறுபது நாற்றுகள் மட்டும் நட்ட இடத்திலேயே நின்றன. மறுநாள் மறுபடி நட்டார்கள். அன்றும் அதே நேரத்துக்கு அதே எண்ணிக்கை வெளியே கிடந்தது. பிடுங்குவது யார், அந்த ஆள் ஒரு வரிசையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார் என்ற இரண்டுமே நிலையத்தின் மண் ஆய்வாளர் நோங் ஷுவேலானுக்கு விளங்கவில்லை.

சான்ச்சி ஜின்செங்கின் நெருங்கிய உறவு. காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் வேர் அது. வென்ஷானில் பாதிப் பேர் காலையில் அதன் தூளை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அதை வளர்ப்பதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை விளைந்த மண்ணில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு அது மறுபடி விளையாது. அந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகத்தான் நிலையமே இருந்தது. மேலிடத்து உத்தரவு சுருக்கமானது: ஏற்கெனவே சான்ச்சி விளைந்த மூன்றாம் எண் வயலில், 2010 அக்டோபருக்குள் பாதியளவாவது அறுவடை ஆனால் நிலையம் நீடிக்கும், வயலும் முப்பது வருடத்துக்கு நிலையத்தோடு சேரும். இல்லாவிட்டால் நிலையம் மூடப்படும், வயல் பழைய சொந்தக்காரரின் மகன் லூ ஃபாஷெங்கிடம் திரும்பும்.

லூவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் மிளகாயும், மிளகாய் முடிந்தால் பட்டாணியும் போட்டிருந்தார். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை நிலையத்தில் எல்லோரும் மேசைக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டுத் தூங்குவார்கள், ஊரும் தூங்கும். அந்த நேரத்தில் பைஷிபோவில் திருட்டு நடந்ததில்லை, திருடனும் தூங்குவான் என்பதால். தூங்காத ஒரே மனிதர் லூ. அவர் அரிசி நூடுல்ஸ் கிண்ணத்தோடு அந்த வரப்பில்தான் உட்கார்ந்திருப்பார். எனவே சந்தேகம் நேராக அவரிடம் போனது.

“லூ அண்ணே, மத்தியானம் எங்க வயல்ல உங்களுக்கு என்ன வேலை?” என்று நோங் கேட்டார். நிலையத்தில் வேலை பார்க்கிற படித்தவர்களை ஊர் டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

“உங்க வயலா? எப்ப உங்க வயலாச்சு, டீச்சர்? எங்கப்பா ஊர்ல இல்லைன்னு கிராமக் குழு கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு. வரப்புக் கல்ல புரட்டிப் பாருங்க, அவர் பேரு இருக்கும்.”

“நாத்தப் புடுங்குறது யாரு?”

“நான் புடுங்குனா நீங்க திருப்பி நடுற மாதிரியா வச்சிருப்பேன்? பன்னிக்குப் போட்டிருப்பேன். போங்க, போய்த் தூங்குங்க. கவர்மெண்டுத் தூக்கம், கலைஞ்சிரப் போவுது.”

நோங் அன்று தூங்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு வயலின் நடுவில் உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு மேற்கு ஓரத்து முதல் வரிசை மண் லேசாக உப்பியது. சூரியகாந்தி விதையைக் கடிக்கிறவர்கள் தோலைத் துப்புவது போல நாற்றைத் துப்பியது. பிறகு அடுத்தது. ஒரு நாற்றுக்கு ஆறு விநாடி ஆயிற்று. லூ தன் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கை நீட்டவில்லை. நோங் நேரத்தை எழுதிக்கொண்டார். நிலையத்தின் பதிவேட்டில் ‘முளைத்தவை’, ‘அழுகியவை’ என்ற இரண்டு பத்திகளுக்கு அடுத்து ‘துப்பப்பட்டவை’ என்று மூன்றாவது பத்தி அன்றுதான் சேர்ந்தது. நேரில் பார்க்க வந்த இயக்குநர் தாவ் காலையும் மாலையும் சான்ச்சித் தூள் சாப்பிடுகிறவர். வயல் அவரையும் உருட்டி வரப்பில் போட்டது, தலை வடக்கே பார்த்து.

மண்ணுக்கு இவ்வளவு கோபம் ஏன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான கோபம். பொதுவாக ஒரு வேர் மண்ணிடமிருந்து எடுப்பதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அது மண்ணுக்குள் கசியவிடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. சான்ச்சி மெதுவாக வளர்கிற செடி. வெயிலில் பத்தில் ஒரு பங்கு போதும், அதனால் கறுப்பு வலைக்கு அடியில் வாழ்கிறது. அந்த மங்கலில் வருடக்கணக்காக இருந்துகொண்டு, தன் வேரில் எந்த மருந்துச் சத்துக்காக மனிதர் அதைத் தேடுகிறார்களோ அதே சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் விடுகிறது. அது சேரச் சேர அடுத்த தலைமுறைச் செடிக்கு விஷம். அழுகல் பூஞ்சைக்கோ விருந்து. செடியைத் தோண்டி எடுத்துக்கொண்டு மனிதர் போய்விடுவார். விஷத்தோடும் பூஞ்சையோடும் மண் தனியாக இருக்கும். மூன்றாம் எண் வயலில் லூவின் அப்பா இடைவெளி விடாமல் மூன்று முறை நட்டார். மூன்றாவது முறை ஒரு கூடைகூடத் தேறவில்லை. பிறகு அந்தச் செடிக்குப் புது மண் தேடி அடுத்த மலைக்குப் போனார், அங்கே ஒரு விளைச்சல் எடுத்ததும் அதற்கடுத்த மலைக்கு. கடிதங்கள் ஒவ்வொன்றும் இன்னும் தூரமான ஊரிலிருந்து வந்தன. 1998க்குப் பிறகு கடிதம் இல்லை.

நோங் அந்த ஆண்டு முழுக்கத் தெரிந்த வழிகளையெல்லாம் செய்தார். மண்ணை நீராவியில் வேகவைத்தார், சுண்ணாம்பு போட்டார், மூங்கில் கரி கலந்தார். வயல் இன்னும் தூரமாகத் துப்பக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். நவம்பரில் ஒரு நாற்று தாவின் காரின் முன்கண்ணாடியைத் தட்டியது. ஆனால் கிழக்கு வரிசையின் அறுபது செடிகள் ஆண்டு முழுக்க நின்றன. அதே மண், அதே தண்ணீர், அதே வலை. வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்த நோங்குக்குக் கடைசியில் அடிக்க முடியாமல் ஒன்றே ஒன்று மிஞ்சியது. லூ மதியச் சாப்பாட்டின்போது அந்தச் செடிகளைத் திட்டுவார். வாயில் நூடுல்ஸ் இருப்பதால் குரல் ஒரு வரிசைக்கு மேல் எட்டாது.

மண் தன் வன்மத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது. தன் பக்கம் பேச ஒரு ஆள் இருந்த இடத்தில் மட்டும் துப்பவில்லை. நோங் இதை உடனே நம்பிவிடவில்லை, சோதித்தார். 2009 ஜனவரியில் மறுபடி நட்டு, நிலையத்தின் ஓட்டுநரை இரண்டாம் வரிசையில் நிறுத்தித் திட்டச் சொன்னார். அவர் நன்றாகத் திட்டினார், ஆனால் அவருக்கு அந்தச் செடிமேல் கோபம் ஏதும் இல்லை. வரிசை முழுக்க வெளியே வந்தது. லூவின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார். வயல் முக்கால் மணிநேரம் கேட்டது, பிறகு நாற்றையும் ஒலிபெருக்கியையும் சேர்த்துப் பட்டாணிக்குள் எறிந்தது. உயிருள்ள வாய் வேண்டும், வசவும் உண்மையாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு நோங் தினமும் மதியம் ஒரு புது வரிசையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டு லூவைச் சீண்டினார்.

“லூ அண்ணே, உங்க பட்டாணி மஞ்சளடிச்சுப் போச்சே. எங்க செடியப் பாருங்க, எப்படி நிக்குது.”

லூ கிண்ணத்தை வைத்துவிட்டு வரப்பைத் தாண்டி வருவார். நோங்கைப் பார்க்க மாட்டார், செடியைத்தான் பார்ப்பார். “அடி பாதகத்தி, நெலத்தத் தின்னே, எங்கப்பனத் தின்னே, இன்னும் ஒனக்குப் பசி அடங்கலையாடி? அவர எந்த மலையில கொண்டுபோய் விட்டே, அத மட்டும் சொல்லு. ஒன் வேரு அழுவ.” இப்படிப் புது வரிசையின் தலையிலிருந்து கால்வரை நடந்துகொண்டே சொல்வார், திரும்பும்போது பழைய வரிசைகளையும் விடமாட்டார். மார்ச் நடுவில் இருபது வரிசைகளும் வேர் பிடித்துவிட்டன.

இயக்குநர் தாவ் மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தார். நிலையத்தில் எந்த முடிவு வந்தாலும் அதை வாசல் பலகையில் சிவப்புத் தாளில் ஒட்டுவது வழக்கம், இதையும் ஒட்டினார். ‘லூ ஃபாஷெங்கின் வசவு: நாற்று தங்கும் விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.’ லூ அதை மூன்று முறை படித்தார். தன் நிலத்தைத் தன்னிடமிருந்து பறிக்கப்போகிற பயிரை மூன்று மாதமாகத் தன் வாயாலேயே வளர்த்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது.

“செடி திருடுனா மன்னிச்சிருவேன், டீச்சர். என் வசவத் திருடிட்டீங்க” என்றார் நோங்கிடம். அன்றிலிருந்து மதியங்களில் வாயைத் திறக்கவில்லை. வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் வயல் துப்பத் தொடங்கியது. நாற்பது செடிகள் போன பிறகு, வேறு வழியில்லாமல் நோங்கே முதல் வரிசையில் இறங்கினார். பதினோரு வருடம் கறுப்பு வலைக்கு அடியில் இலை எண்ணியதில் அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. மகள் குன்மிங்கில் அக்கா வீட்டில் வளர்ந்தாள். அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். “எம் புள்ளைக்கு எம் மொகம் மறந்துபோச்சுடி ஒன்னால” என்று தொடங்கினார். பிறகு நிறுத்த முடியவில்லை. மண் அடங்கியது.

அவர் பதினாறு மாதம் தவறாமல் திட்டினார். 2010 ஜூலையில் செடிகள் பூவெடுத்தன. இலைகளுக்கு நடுவில் ஒற்றைத் தண்டில், பச்சை மணிகளைக் குவித்துக் கட்டியது போன்ற பூ. பழைய மண்ணில் அப்படிப் பூத்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. நோங்குக்குச் செடிமேல் ஆசை வந்துவிட்டது. திட்டினார், ஆனால் சொற்களில் உயிர் இல்லை. வயல் அதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம்கூட ஆகவில்லை. பூவோடு ஒரு வரிசையை எடுத்து வரப்பில் வைத்தது. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வரிசை. பதினோரு வரிசை மிஞ்சியிருந்தபோது நோங் எண்ணிப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் போனால் பாதிக்குக் கீழே போய்விடும். குத்தகைத் தாளை எடுத்துக்கொண்டு லூவின் வீட்டுக்குப் போனார். லூ மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“நெலத்த ஒங்களுக்கே திருப்பி எழுதிட்டா, திட்டுவீங்களா?”

“நெலமே வந்துட்டா அப்புறம் எனக்கு என்ன கோவம் இருக்கும், டீச்சர்?”

“அதத்தான் கேக்க வந்தேன். இருக்குமா, இருக்காதா? பொய் சொன்னா வயலுக்குத் தெரிஞ்சிரும்.”

லூ கிள்ளுவதை நிறுத்தினார். “நெலம் போனது ஒங்க மேல உள்ள கோவம். அந்தச் செடி மேல உள்ளது எங்கப்பனுக்காக. நெலம் வந்தா அவரு வந்துருவாரா?”

“அப்ப அது போதும்.”

“ஒங்க மேல உள்ளதும் போகாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“போக வேணாம். என் பக்கமா வந்து பேசாதீங்க, அவ்வளவுதான்.”

தாவ் முதலில் மறுத்தார். வயலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நோங் அவரை அழைத்துப்போனார். வயல் அவரைத் தூக்கி வரப்பில் போட்டது. எழுந்திருக்க முயன்றார், மறுபடி போட்டது. கையெழுத்தைப் படுத்தபடியே போட்டார். அடுத்த மதியம் லூ பதினோரு வரிசைகளிலும் நடந்தார். பதினாறு மாதம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னார். ஒரு செடியும் அசையவில்லை. அக்டோபரில் அறுநூற்று அறுபது செடிகளைத் தோண்டினார்கள். ஒரு வேரிலும் அழுகல் இல்லை. நோங்கும் லூவும் அன்றும் பேசிக்கொள்ளவில்லை, இன்றுவரையும் பேசிக்கொள்வதில்லை.

நிலையம் இப்போதும் இருக்கிறது. அது வெளியிட்ட நடவுக் கையேட்டின் ஏழாம் பக்கம் இப்படி இருக்கிறது: சான்ச்சி விளைந்த மண்ணில் மறுபடி சான்ச்சி நட, நிலம் அதன் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும். அந்தச் செடிக்கு ஒருவரைப் பறிகொடுத்த ஆள், தினமும் மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கி, வரிசைக்கு ஆறு நிமிடம் வீதம் இருபது வரிசைகளையும் தன் சொந்தக் குரலில் திட்ட வேண்டும். அறுவடை வரை ஒரு நாளும் விடக்கூடாது. வென்ஷானில் ஆள் கிடைப்பது கடினமில்லை.