ஒடுக்கு விழுந்த கெட்டில்

“ஒடுக்கு எடுத்தது ஒரு குத்தமா? ஊர்ல அவனவன் வண்டியை நிறுத்திட்டு என் கைக்காகக் காத்துக்…”

“யாருங்க உங்களை எடுக்கச் சொன்னா? நான் கேட்டேனா?”

“படம் வரையறியே, பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு…”

“பாதி வரைஞ்சு வச்சிருக்கேங்க. பாதி.”

சாப்பாட்டு மேசையில் கெட்டில் புதுமாப்பிள்ளை கணக்காக மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் முப்பது வருஷமாக இடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர். ஒடுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவளோ மூன்று நாளாக அந்த ஒடுக்கைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். கெட்டிலின் வயிற்றில் நிழல் நீலமாக இறங்கி ஓரத்தில் சாம்பலாகிற இடம்வரை வந்துவிட்டது. இன்னும் அடிப்பக்கம் பாக்கி. வெளிச்சம் விழும் கீற்றுக்குத் தாளை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தாள். வாட்டர்கலரில் வெளிச்சத்தைப் பூச முடியாது, விட்டுத்தான் வைக்க வேண்டும். வண்ணம் காயட்டும் என்று துணி எடுக்க மாடிக்குப் போனவள், திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

நாளைக் காலை படம் கண்காட்சிக்காக நூலகச் சுவருக்குப் போக வேண்டும். நாலு பேர் பார்க்கப் போகிறார்கள். வீட்டிலிருக்கிற ஒருவர் மட்டும் இன்னும் பார்த்தபாடில்லை.

“மூடி லூசு, கைப்பிடி கோணல்னு மூணு நாளா கெட்டிலைப் பத்தியே பேசுறீங்க. படத்தைப் பத்தி வாயில ஒரு வார்த்தை வரலை.”

“அதுக்கென்ன, பார்த்தா போச்சு.”

நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். அவள் துணி மூட்டையைக் கீழே வைக்காமல் நின்றாள். அவர் கட்டைவிரல், தாளைத் தொடாமல், அந்த நீலத்தின் மேலே மெதுவாக நகர்ந்தது.

“ரெண்டு ஒடுக்கு காட்டியிருக்கே.”

“ரெண்டுதாங்க இருந்துச்சு. பெருசுக்குள்ள ஒரு சின்னது.”

“அதான் தட்டும்போது ஒரு இடம் மட்டும் அடம் பிடிச்சுதா. நான் ஒண்ணுன்னுல்ல நினைச்சேன்.”

கெட்டிலைத் தூக்கித் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த சாக்பீஸால் அதன் வயிற்றில் ஒரு வட்டம் போட்டார், உள்ளே இன்னொரு சின்ன வட்டம்.

“விடு, பழையபடி ஆக்கித் தரேன். அளவே எடுக்க வேண்டாம், இதைப் பார்த்தே அடிச்சிரலாம்.”

மரச்சுத்தியல் கைக்கு வந்துவிட்டது.

“சுத்தியலைக் கீழ வைங்க. படம் எப்படி இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க.”